பிடிமண் எடுத்த பிறகு

எங்கள் சாமி புலியால் செத்தவர். மாட்டு மந்தைக்குக் காவலிருந்தபோது புலி பாய்ந்தது, அவரும் விடாமல் அதன் வாய்க்குள் ஈட்டியை இறக்கினார், இருவரும் ஒரே இடத்தில் விழுந்தார்கள் என்று கதை. கல்லிலும் அப்படித்தான் செதுக்கியிருக்கிறார்கள். இடுப்பு உயரக் கல். புலி பின்னங்கால்களில் நிற்கிறது, மனிதர் ஒரு காலை முன்னே வைத்திருக்கிறார், பக்கத்தில் அவருடைய பெண்சாதி வலது கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். எப்போதோ யாரோ நான்கு கல்தூண் நிறுத்தி, மேலே பலகைக் கல் போட்டு மண்டபமாக்கியிருக்கிறார்கள். ராஜபாளையத்துக்கு மேற்கே, அடிவாரம் முடிந்து ஏற்றம் தொடங்கும் இடத்தில், ஓடைக்கரையில் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன்னால் அந்தக் காடு முழுவதும் புலிகள் காப்பகம் ஆகிவிட்டது.

புலியோடு மல்லுக்கட்டிச் செத்தவருக்குக் கடைசியில் புலி வீட்டிலேயே குடித்தனமா என்று கோர்ட்டில் என் சிநேகிதி சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அதைச் சித்தப்பாவிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

"அவியளுக்குள்ள எப்பவோ சமாதானம் ஆயிருச்சு. நமக்குத்தான் இன்னும் ஆகல" என்றார்.

சித்தப்பாதான் எங்கள் சாமியாடி. முதலில் சாமி என் அப்பா மேல் வந்துகொண்டிருந்தது. அப்பா இறந்த அடுத்த பங்குனியில் சித்தப்பா மேல் இறங்கியது. ராணுவத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்று வந்து, சோழபுரத்தில் மானாவாரியாகப் பருத்தியும் மக்காச்சோளமும் போட்டுக்கொண்டிருந்த மனிதர். நாலு வார்த்தை பேச வேண்டிய இடத்தில் ரெண்டு வார்த்தை பேசுவார். சாமி வந்தால் மட்டும் அவர் குரல் அப்பாவின் குரலாகிவிடும். அண்ணன் தம்பிக்குக் குரல் ஒன்றுபோல இருப்பதில் என்ன அதிசயம் என்று என் கணவர் கேட்பார். எனக்கு அந்த விளக்கம் வேண்டாம். வருடத்தில் ஒரு நாள் அப்பாவின் குரல் என்னைப் பார்த்து "ஏட்டி, நல்லாருக்கியா" என்று கேட்கும். நான் அந்தக் காட்டுக்குப் போனது அதற்காகத்தான். பக்தி என்று சொன்னால் பொய்.

நான் வக்கீல். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் பெரும்பாலும் விபத்து வழக்குகள், கொஞ்சம் பாகப்பிரிவினை. உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கத் தெரியாதவள். என் குமாஸ்தா என்னை நாற்காலியில் தேட மாட்டார், வராண்டாவில்தான் தேடுவார். கட்டிக்கொடுத்த பெண்ணிடம் பிறந்த வீட்டுச் சாமிக்கு வரி வாங்க மாட்டார்கள். வரி இல்லாததால் பங்காளிகள் கூட்டத்தில் அவளுக்குப் பேச்சும் இல்லை. ஆனால் காட்டுக்குள் போகக் கூடாது என்று வந்ததும் அத்தனை பங்காளிகளுக்கும் என் போன் நம்பர் ஞாபகம் வந்தது. வரி வேண்டாமாம், வாதாடினால் போதுமாம்.

புலிக்கு முன்னாலும் அது சரணாலயம்தான். சாம்பல் நிற அணிலுக்காக வைத்தது. ஊரில் அதை அணில் காலம் என்பார்கள், இப்போது நடப்பது புலிக் காலம். அணில் காலத்தில் பங்குனி உத்திரத்துக்கு டிராக்டர் பிடித்துப் போவோம். அடுப்பு மூட்டுவோம், கிடா வெட்டுவோம், சாப்பிட்ட இலையை ஓடையோரம் போட்டுவிட்டு வருவோம். எங்கள் ஆட்கள் ஒன்றும் யோக்கியம் இல்லை. அடுத்த வருடம் போனால் போன வருடத்து பிளாஸ்டிக் டம்ளர்கள் அப்படியே கிடக்கும். அதை ஓரமாகத் தள்ளிவிட்டு அதே இடத்தில் மறுபடி பந்தி விரிப்போம். யாருக்கும் உறுத்தாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அடிவாரத்தில் கல் உடைக்க இடம் பார்த்து ஆட்கள் வந்தபோது எங்களில் பாதிப் பேர் கேட்ட முதல் கேள்வி, நிலத்துக்கு என்ன விலை தருவீர்கள் என்பதுதான். சரணாலய எல்லைக்கு இத்தனை பக்கத்தில் குவாரி கூடாது என்று சட்டம் குறுக்கே நின்றதால் அவர்கள் திரும்பிப் போனார்கள். ஆலங்குளம் பக்கம் வழக்குக்காகப் போகும்போது சுண்ணாம்புக்கல் தோண்டிய பள்ளங்களைப் பார்ப்பேன். எங்கள் ஓடைக்கரையும் இப்படி ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். எங்கள் சாமியைக் காப்பாற்றியது நாங்கள் அல்ல, அணில்தான். அதனால் வனச் சட்டத்தைத் திட்டுகிறவர்களோடு சேர்ந்து என்னால் வாய் நிறையத் திட்ட முடிந்ததில்லை.

புலிக் காலத்தில் ஒவ்வொன்றாக வந்தது. முதலில் வண்டி கூடாது, நடந்து போங்கள் என்றார்கள். சரி, நடந்தோம். அடுத்த வருடம் தீ மூட்டக் கூடாது, கிடா கூடாது. பொங்கலைக் கீழேயே பொங்கிக் கொண்டுபோனோம், சாமிக்கு ஆறிய பொங்கல். அதற்கடுத்து ஆள் குறைப்பு. பிறகு, பூசை வைக்கச் சில ஆண்கள் மட்டும் பகலில் போய்ப் பகலில் திரும்பலாம் என்று ஆனது. நானும் மற்ற பெண்களும் செக்போஸ்ட்டோடு நின்றோம். யானை நடமாட்டம் என்று காரணம் சொன்னார்கள். அது பொய்யும் இல்லை, வழியெல்லாம் யானை லத்தி கிடந்ததாக உள்ளே போனவர்களே சொன்னார்கள்.

என்னை அதைவிட அரித்தது மண்டபம்தான். அதன் தலையில் ஒரு இச்சி மரம் முளைத்து, வேர் இறங்கி, ஓடைப் பக்கத்துத் தூணைத் தள்ளிக்கொண்டிருந்தது. நாங்கள் தாராளமாகப் போய்வந்த காலத்தில் சித்தப்பா ஒவ்வொரு வருடமும் அரிவாளால் வேரைக் கழித்துவிடுவார். இப்போது ஒரு கிளையை ஒடித்தாலும் குற்றம். சரி, மரம் இருக்கட்டும், தூணுக்கு ஒரு முட்டுக் கொடுக்கலாமா என்று கேட்டேன். அது கட்டுமானம், காப்பகத்துக்குள் கூடாது என்றார்கள். பழைய கற்களைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்துக்குப் போனேன். அவர்கள் பாதுகாக்கும் சின்னங்களில் இது இல்லை. கோயில்களைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்துக்குப் போனேன். அவர்கள் கோயில்களிலும் இது இல்லை. எல்லா இடத்திலும் மரியாதையாகத்தான் பேசினார்கள், ஒரு இடத்தில் டீ கூடக் கொடுத்தார்கள். மரத்துக்குச் சட்டம் இருக்கிறது, மரத்தில் ஓடும் அணிலுக்குச் சட்டம் இருக்கிறது, மரத்தடியில் இருக்கும் கல்லுக்கு ஒன்றும் இல்லை என்று அன்று சாயங்காலம் வீட்டில் கத்தினேன். என் கணவர் டி.வி. சத்தத்தைக் குறைத்தார்.

கடைசியில் வன உரிமைச் சட்டத்தைப் பிடித்தேன். காட்டுக்குள் வழிவழியாகக் கும்பிட்டு வரும் இடத்துக்கு ஒரு ஊர் சேர்ந்து உரிமை கேட்கலாம் என்று அதைப் படிக்க முடியும். அடிவாரத்துக்குக் கீழே குடியிருக்கும் விவசாயம் பார்க்கும் எங்களைப் போன்ற சம்சாரிகளுக்கு அது பொருந்துமா என்பது வாதத்துக்குரிய விஷயம். வாதம் என்றால் எனக்குப் பயமில்லை. கிராம சபையில் தீர்மானம் போட்டோம். வருடத்தில் ஒரு நாள் எல்லோரும் போய்வர வேண்டும், தூணுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்டோம். அதிகாரிகள் நேரில் வந்து இடத்தைப் பார்த்து, அங்கே வழிபாடு தொடர்ந்து நடக்கிறதா என்று விசாரிப்பார்கள். அதுதான் முக்கியமான கட்டம்.

விசாரணை தள்ளிக்கொண்டே போனது. மழை என்றார்கள், தேர்தல் வேலை என்றார்கள். அந்த மாதங்களில் நான் மனுஷியாகவே இல்லை. காற்று பலமாக அடித்தால் தூண் விழுந்திருக்குமோ என்று தோன்றும். விசாரிக்க வழியும் இல்லை, போய்ப் பார்க்க அனுமதியும் இல்லை. சமையலில் உப்பைக் கொட்டினேன், கட்சிக்காரர் மேல் எரிந்து விழுந்தேன். பொறு பொறு என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்த எனக்கே பொறுமை இல்லை.

பொறுக்காதவர் இன்னொருவர் இருந்தார். பெரியப்பா மகன், எங்கள் தலைக்கட்டுக்கு, அதாவது இந்தச் சாமிக்கு வரி கொடுக்கும் குடும்பங்களுக்கெல்லாம், மூத்தவர். நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். ராஜபாளையம் பக்கம் பேண்டேஜ் துணித் தறி வைத்திருக்கிறார். அவருடைய பேரனுக்கு இன்னும் முதல் முடி இறக்கவில்லை. குலசாமி சன்னதியில் இறக்காமல் வேறெங்கும் இறக்கக் கூடாது. பையனுக்கு முடி தோளுக்கு வந்து, ரப்பர் பேண்ட் போட்டுக் குடுமி கட்டிப் பள்ளிக்கூடம் அனுப்பினார்கள். பையனுக்குக் காய்ச்சல் வரும்போதெல்லாம் சம்பந்தி வீட்டிலிருந்து போன் வரும், முடி இறக்காததால்தான் என்று. அண்ணன் ஒரு முடிவுக்கு வந்தார். பிடிமண் எடுத்துவிடுவது.

எங்கள் பக்கம் இது வழக்கம்தான். சாமி இருக்கும் இடத்துக்குப் போய்வர முடியாதவர்கள், சாமியைக் கேட்டு, அது வருகிறேன் என்று சொன்ன பிறகு அந்த இடத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து வந்து, வசதியான இடத்தில் வைத்துக் கோயில் கட்டிக்கொள்வார்கள். பிழைக்கப் போன குடும்பங்கள் மண்ணோடு சாமியையும் கொண்டுபோயிருக்கின்றன. அண்ணனுக்குப் பைபாஸ் ஓரத்தில் ஒரு மனை இருந்தது. அங்கே டைல்ஸ் ஒட்டி, தண்ணீர்க் குழாய் போட்டு, கார் நிறுத்த இடம் விட்டுக் கட்டலாம் என்று பங்காளிகள் கூட்டத்தில் பேசி முடித்துவிட்டார்கள்.

எனக்குச் செய்தி தெரிந்ததும் போனில் சண்டை போட்டேன். விசாரணை வரப்போகிறது, அது முடியும் வரை பொறுங்கள் என்றேன்.

"எம்புட்டு நாள் பொறுக்கச் சொல்லுத? நீ கோர்ட்டுல வாய்தா வாங்குவ. நான் சாமிகிட்ட வாய்தா வாங்க முடியுமா?" என்றார் அண்ணன்.

"சாமி அங்க இருக்குன்னு எழுதிக் கொடுத்துட்டு, இங்க தூக்கிட்டு வந்தா நான் என்னத்த வாதாட?"

"அது பாட்டுக்கு அது, இது பாட்டுக்கு இது. ஆபீசர்கிட்ட போயி யாரு சொல்லப் போறா?"

சித்தப்பாவுக்கு இதில் சம்மதமே இல்லை. ஆனால் மண்ணை எடுக்க வேண்டியது அவர்தான், சாமியாடியைத் தவிர வேறு யாரும் தொடக் கூடாது. நான் வரமாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. சாமியிடம் கேட்போம், வராது என்று சொல்லிவிட்டால் விட்டுவிடுவோம் என்று மட்டும் சொன்னார். வராது என்றுதான் அவர் நம்பினார், நானும் நம்பினேன்.

வழக்கமான பூசைக்கு வாங்கிய அனுமதியில் போனார்கள். அங்கே எடுத்த வீடியோவைக் கூடப் போன பங்காளித் தம்பி ஒருவன் எனக்கு அனுப்பினான். கோர்ட் வராண்டாவில் நின்றுகொண்டே பார்த்தேன். உறுமி இல்லை, காட்டுக்குள் மேளம் கூடாது. ஒருவர் கைமணி மட்டும் ஆட்டுகிறார். அண்ணன் கற்பூரத்தைப் பற்ற வைக்கவில்லை, நெருப்புக் கூடாது. தட்டில் வெறும் கற்பூரத்தை வைத்துச் சுற்றுகிறார். சித்தப்பாவின் தோள் முதலில் குலுங்குகிறது. "தலைக்கட்டு பூராவும் சேந்து கூப்பிடுதோம், குடும்பத்தோட வந்துரணும்" என்கிறார் அண்ணன். சித்தப்பாவின் வாயிலிருந்து என் அப்பாவின் குரல் வருகிறது. "வாரேன்" என்கிறது. "கூப்பிட்டா வராம இருப்பனா. வாரேன்."

அப்பாவின் குரலைக் கேட்டுவிட்டுக் கோபப்பட்டது அன்று ஒரு நாள்தான். காப்புக்காட்டிலிருந்து மண் அள்ளுவதே குற்றம் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. சட்டப்படி பார்த்தால் எங்கள் சாமி திருட்டுப் பொருள். இதை என் சிநேகிதியிடம் சொன்னபோது அவள் சிரித்தாள், நான் சிரிக்கவில்லை.

விசாரணைக்கு அதிகாரிகள் வந்தது அதற்குப் பிறகு. கோயில் அப்போது பைபாஸ் ஓரத்தில் பாதி எழும்பியிருந்தது. போவதற்கு முன்னால் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசினேன். பிடிமண் எடுத்ததால் பழைய இடம் கோயில் இல்லை என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை, அதனால் அதைப் பற்றிப் பேச வேண்டிய அவசியமே இல்லை என்றேன். சித்தப்பாவிடம் தனியாக, "கேட்டா மட்டும் பதில் சொல்லுங்க" என்றேன். தலையாட்டினார்.

நான் உள்ளே போய் வெகு நாளாகியிருந்தது. வேர் இன்னும் பருத்திருந்தது. தூண் ஓடைப் பக்கம் சாய்ந்து, மேலிருந்த பலகைக் கல் ஒரு நுனியில் மட்டும் உட்கார்ந்திருந்தது. கை வைத்துத் தள்ளினால் போய்விடும் போல. புலியும் மனிதரும் அந்தப் பலகைக்கு நேர் கீழே இருந்தார்கள். விசாரணைக்கு வந்த அதிகாரியே "அடடா" என்றார். நல்ல மாதிரி மனிதர், தெற்குச் சீமைப் பேச்சு. வழிபாட்டு முறை என்ன, எத்தனை குடும்பம், என்ன நாள் என்று கேட்டுக்கொண்டே வந்தார். அண்ணன் பொறுப்பாகப் பதில் சொன்னார். எல்லாம் எங்கள் பக்கமே போய்க்கொண்டிருந்தது. மண்டபத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பாறை உண்டு, அங்கேதான் எல்லோரும் செருப்பைக் கழற்றுவோம். நாங்கள் கழற்றினோம், அதிகாரியும் கழற்றினார். சித்தப்பா செருப்போடு நடந்து மண்டபத்துக்குள் போய், தூணைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதிகாரி அதைப் பார்த்துவிட்டார்.

"பெரியவரே, நீங்கதான் சாமியாடின்னாங்க. நீங்க செருப்புக் கழத்தலையே?"

சித்தப்பா திரும்பினார். "இங்க சாமி இல்லைங்கய்யா" என்றார். "பிடிமண் எடுத்துட்டோம். எங்ககூட வந்துட்டாரு."

"பிடிமண் எடுத்தா சாமி ரெண்டு எடத்துலயும் இருக்கும்னு எங்க பக்கம் சொல்லுவாங்களே?" அதிகாரி கேட்ட விதத்தில், எங்களுக்கு ஒரு வழி திறந்து கொடுக்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

"ஒரு வீடு ரெண்டு வீடு எடுத்துட்டுப் போனா இருப்பாருங்கய்யா. தலைக்கட்டு பூராவும் சேந்து, குடும்பத்தோட வான்னு கூப்பிட்டோம். அவரு மட்டும் தனியா இங்க என்ன செய்வாரு? இது இப்பம் கல்லுதான்."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் வாய் திறந்து, சட்டப்படி இது பொருட்டல்ல என்று ஆரம்பித்து என்னென்னவோ சொன்னேன். அதிகாரி கேட்டுக்கொண்டார். ஆனால் சித்தப்பா சொன்னதைக் கூட வந்த அதிகாரிகள் அத்தனை பேரும் கேட்டாயிற்று.

இறங்கி வரும்போது சித்தப்பாவை விட்டு முன்னால் நடந்தேன். பிறகு கோபம் தாங்காமல் நின்று, "ஒரு செருப்பக் கழத்தியிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"அவரு இல்லாத எடத்துல இருக்காருன்னு சொல்லிட்டு, இருக்கிற எடத்துல எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நிக்க?" என்றார்.

"அந்தக் கல்லு விழுந்து நொறுங்கப் போவுது சித்தப்பா."

"தெரியுது" என்றார். திரும்பி மேலே மண்டபம் இருந்த பக்கம் பார்த்தார். தூணைத் தள்ளிய அந்த வேரை வருடா வருடம் கழித்தது அவர் கை.

கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. வழிபாடு வேறிடத்துக்கு மாறிவிட்டதாக வழிபடுகிறவர்களே சொன்ன பிறகு இங்கே உரிமை கோர முகாந்திரம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மேல்முறையீடு செய்யலாம். இரண்டு வாக்கியம் எழுதுவேன், எழுந்து நடப்பேன், திரும்பி வந்து அந்த இரண்டையும் அடிப்பேன்.

அதற்குள் புதுக் கோயிலில் பங்குனி உத்திரம் வந்துவிட்டது. பந்தல், சீரியல் லைட்டு, வரிசையாகக் கார்கள். இங்கே தீ மூட்டலாம், மேளம் அடிக்கலாம், கிடா வெட்டலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. காட்டுக்கு வர முடியாமல் விட்டுப்போன சொந்தங்கள் எல்லாம் வந்திருந்தார்கள். மூட்டுவலி மதினிமார்கள் காரை விட்டு இறங்கி நாலு எட்டில் சாமி கும்பிட்டார்கள். பைபாஸில் லாரி போகும்போதெல்லாம் தரை லேசாக அதிர்ந்தது. அண்ணன் பேரனுக்கு ரப்பர் பேண்டை அவிழ்த்து முடி இறக்கினார்கள். எனக்கே கொஞ்சம் மனசு இளகியது. அண்ணன் சொன்னதுதான் சரியோ, நான்தான் கல்லைக் கட்டிக்கொண்டு அழுகிறேனோ என்று நினைத்தேன். சித்தப்பா மேல் சாமி இறங்கும், அப்பா குரல் என்னை விசாரிக்கும், எல்லாம் சரியாகிவிடும் என்று முன்வரிசையில் போய் நின்றேன்.

உறுமி அடித்தார்கள். சித்தப்பா கண்ணை மூடி நின்றார். பெண்கள் குலவை போட்டார்கள். அவர் தோள் குலுங்கவே இல்லை. அண்ணன் இன்னும் வேகமாக அடிக்கச் சொன்னார், சாம்பிராணியைக் கூட்டச் சொன்னார். சித்தப்பாவுக்கு வேர்த்துக் கொட்டியது. வெயில் ஏறிக்கொண்டே போனது, மேளக்காரர்கள் ஆள் மாறி அடித்தார்கள். கடைசியில் சித்தப்பா கையைத் தூக்கி மேளத்தை நிறுத்தினார்.

"வரலப்பா" என்றார்.

"அவரு களைச்சுப் போயிட்டாரு, வயசு ஆச்சுல்ல" என்று அண்ணன் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். பந்தி நடந்தது, யாரும் சாப்பாட்டைக் குறை சொல்லவில்லை. நான் சாப்பிடாமல் வந்துவிட்டேன். வழியில் வண்டியை நிறுத்தி அழுதேன். அப்பாவை இரண்டாம் தடவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று தோன்றியது.

சில நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை, சித்தப்பா பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு என் வீட்டுக்கு வந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். ஆள் இளைத்திருந்தார்.

"மேல்மனுவ எழுதிட்டியா?"

"எங்க எழுத? சாமி எங்க இருக்குன்னு கேப்பாங்க. காட்டுல இல்லைன்னு நீங்க சொல்லிட்டீங்க. பைபாஸ்லயும் வரலன்னு ஊரே பாத்துருச்சு. நான் எங்கன்னு எழுத?" கொஞ்சம் கடுமையாகத்தான் கேட்டேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "அதத்தான் யோசிச்சுக்கிட்டே கெடந்தேன். மண்ண எடுத்தா தரையில வைக்கக் கூடாதுட்டி. வச்ச எடத்துல உக்காந்துரும். அன்னைக்கி மண்ணு செம்புல இருந்துச்சு, மஞ்சத்துணி சுத்தித் தலையில வச்சிருந்தேன். செக்போஸ்ட்ல, கொண்டுபோன பிளாஸ்டிக் பூராவும் திரும்ப வந்துருக்கான்னு பாக்கணும், சாமானெல்லாம் இறக்கி வைங்கன்னாங்க. உங்க அண்ணனுக்குப் பயம், மண்ணு எடுத்தது தெரிஞ்சிருமோன்னு. 'சித்தப்பா, நீங்களும் இறக்கி வைங்க, நீங்க மட்டும் வச்சிக்கிட்டு நின்னா சந்தேகப்படுவாங்க'ன்னான். கம்பத்துக்கு முன்னால வச்சேன். செத்த நேரந்தான். பொறவு தூக்கிட்டு வந்துட்டோம்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, உடம்பும் சில்லிட்டது.

"வண்டிய எடு" என்றார்.

ஸ்கூட்டரில் அவரைப் பின்னால் வைத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் நான்தான் பேசிக்கொண்டே போனேன், செக்போஸ்ட் இருப்பது யார் இடம், காப்பகத்துக்கு உள்ளேயா வெளியேயா, எந்தச் சட்டத்தில் வரும் என்று. மாந்தோப்புகள் முடிந்து மலை நெருங்க நெருங்க என் பேச்சு குறைந்தது. இவர் சொல்வதை நான் நம்புகிறேனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். நம்ப வேண்டும் என்று ஆசையாக இருந்தது.

செக்போஸ்ட்டில் கம்பம் இறக்கியிருந்தது. பக்கத்தில் என்னென்ன கூடாது என்று பலகை. ஒரு காவலர் கம்பத்தை ஒட்டி வேப்பமர நிழலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார், என் வயது இருக்கும். எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்து கம்பத்துக்கு முன்னால் நின்றார்.

"உள்ள விட முடியாதுங்க. பர்மிஷன் இருக்கா?"

"உள்ள போகல தம்பி" என்றார் சித்தப்பா. "செத்த நேரம் நின்னுட்டுப் போயிருதோம்."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். காவலர் நின்ற பக்கமே பார்த்து நின்றார். இரண்டு கைகளையும் சேர்த்துத் தலைக்கு மேலே தூக்கினார். உடம்பு ஆடவில்லை, சத்தம் வரவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் வழிந்துகொண்டிருந்தது.

காவலர் பதறிப்போனார்.

"ஐயா, என்னப் போயி எதுக்குக் கும்பிடுதீங்க? கைய இறக்குங்க. விடக் கூடாதுன்னு சொன்னது நான் இல்ல. நான் சம்பளத்துக்கு இருக்கேன். எங்க சாமியும் உள்ளதான் இருக்கு, நானே லீவு போட்டாத்தான் கும்பிட முடியும்" என்றார்.

சித்தப்பா கையை இறக்கவில்லை. காவலர் என்னைப் பார்த்தார், நீங்களாவது சொல்லுங்கள் என்பதுபோல. நான் தரையைப் பார்த்தேன். காவலரின் காலடியில், அன்று செம்பை இறக்கி வைத்த இடத்தில், மண் மற்ற இடத்தைப் போலத்தான் இருந்தது.

"சார்" என்றேன், "நீங்க கொஞ்சம் தள்ளி நின்னுக்கிடுங்க."

என்ன ஏது என்று கேட்காமல் அவர் தள்ளி நின்றார்.